குறைவான உடைகள், தேர்ந்த உடைகள்: பீரோவைச் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குறைந்த உடைகளோடு வாழ்வது பற்றி இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. நியூயார்க்கின் ஆடை வடிவமைப்பாளர் டோனா கரண் 1985-இல் ஒன்றோடொன்று சேரும் ஏழு உருப்படிகளை முன்வைத்தார். 33 உருப்படிகளை மட்டும் வைத்து மூன்று மாதம் ஓட்டும் முறை 2010-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அந்தக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையிலோ திருச்சியிலோ பீரோவைக் காலி செய்தவர்கள், இரண்டு மாதத்தில் மறுபடியும் ஜவுளிக்கடைக்குப் போய் நிற்பார்கள். இங்கே காலையில் போட்ட சட்டை மாலையில் வியர்வையோடு துவைக்கும் கூடைக்குப் போய்விடுகிறது. நமக்கு எத்தனை உடைகள் தேவை என்பதை, நம் வீட்டில் எத்தனை நாளுக்கு ஒரு முறை துணி துவைக்கிறோம், அது காய்ந்து இஸ்திரியாகித் திரும்ப எத்தனை நாளாகிறது என்பதே முடிவுசெய்கிறது. இந்த வழிகாட்டி அந்தக் கணக்கிலிருந்து தொடங்கி, துணியைத் தேர்வது, தையலைச் சோதிப்பது, விலையை எடைபோடுவது, வாங்கியதை நெடுநாள் காப்பது என்று படிப்படியாகச் செல்கிறது.

முதல் படி: மூன்று மாதம் வாங்காமல் கணக்கெடுப்பது

எதையும் தூக்கிப் போடுவதற்கு முன், எதை உண்மையில் உடுத்துகிறோம் என்பது தெரிய வேண்டும். ஹேங்கர்களைத் திருப்பி மாட்டி வைத்து, உடுத்தியதை மட்டும் நேராக மாட்டிக்கொண்டு வரும் உத்தி பலரும் அறிந்ததுதான். ஆனால் நம் வீடுகளில் துணி பெரும்பாலும் மடித்தே அடுக்கப்படுகிறது. இஸ்திரியிலிருந்து வரும் துணியை அடுக்கின் மேல் வைக்கிறோம், மறுநாள் மேலிருந்தே எடுக்கிறோம். இதனால் மேலே உள்ள ஏழெட்டு உருப்படிகளே சுற்றிச் சுற்றி வர, அடியில் இருப்பவை ஆண்டுக்கணக்கில் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம். துவைத்து வந்த துணிகளுக்கென்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தட்டுக்கு வராமல் பழைய இடத்திலேயே கிடப்பவைதான் உங்களுக்குத் தேவைப்படாதவை. விசேஷங்களுக்கான பட்டும் வெள்ளை வேட்டியும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு.

அப்படித் தேங்கியவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஏன் உடுத்தவில்லை என்று ஒரு வரியில் எழுதுங்கள். "கழுத்து குத்துகிறது", "கை தூக்கினால் இடுப்புக்கு மேல் ஏறுகிறது", "இதற்குச் சேரும் பேண்ட் இல்லை", "தள்ளுபடியில் வாங்கியது" என்று எழுதிக்கொண்டே போனால் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம் இதுதான். பிறர் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டுகளும் பேண்ட்-சட்டை பிட்டுகளும் தனிக் குவியலாகச் சேரும். அவற்றைத் தைத்துக் கெடுப்பதைவிட, மடிப்புக் கலையாமல் இன்னொரு விசேஷத்தில் வைத்துக் கொடுப்பதே மேல். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: எண்ணிக்கையைக் கணக்கிடுவது

துவைக்கும் இடைவெளியையும், துணி காய்ந்து இஸ்திரியாகித் திரும்பும் நாட்களையும் கூட்டி, அதோடு அவசரத்துக்கு இரண்டைச் சேர்த்தால் அன்றாடச் சட்டைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். இருசக்கர வண்டியில் அலுவலகம் செல்லும் ஒருவர் மூன்று நாளுக்கு ஒரு முறை துவைக்கிறார், இஸ்திரிக்குப் போய் வர இரண்டு நாளாகிறது என்றால், அவருக்கு ஏழு சட்டைகள் போதும். பேண்ட்டை இரண்டு நாள் போடலாம் என்பதால் நான்கு போதும். வீட்டிலும் வெளியிலும் போட்டுக்கொள்ள மூன்று டி-சர்ட்டுகள் இருந்தால் அன்றாடத் தேவை முடிந்துவிடுகிறது. உள்ளாடையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. துவைக்கும் இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் கொடியில் போட்ட துணி இரண்டு மூன்று நாள் ஈரம் காயாமல் கிடக்கும். அந்த மாதங்களுக்காக, விரைவில் உலரும் துணியில் இரண்டு உருப்படிகளைக் கூடுதலாக வைத்திருப்பது வீண் செலவாகாது.

பருத்திச் சேலை உடுத்தி வேலைக்குச் செல்லும் ஆசிரியைக்குக் கணக்கு வேறு. சேலையை இரண்டு முறை உடுத்தலாம், ஆனால் கஞ்சி போட்டு, உலர்த்தி, இஸ்திரி செய்து வாங்கப் பத்து நாள் கூட ஆகும். எனவே பத்துச் சேலைக்குள் அவருடைய தேவை அடங்கிவிடும். சிக்கல் ரவிக்கையில்தான் இருக்கிறது, ஏனெனில் அதை ஒவ்வொரு முறையும் துவைத்தாக வேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் அதனோடு வந்த துண்டிலேயே ரவிக்கை தைத்தால், ரவிக்கை ஈரமாக இருக்கும் நாளில் சேலையும் பயன்படாது. உடம்பு சற்றுப் பூசினால் பத்துச் சேலையும் ஒரே நேரத்தில் முடங்கிவிடும். கறுப்பு, அரக்கு, மஞ்சள் கலந்த பழுப்பு, கருநீலம் ஆகிய நிறங்களில் நன்றாகத் தைத்த ஆறு ரவிக்கைகள் பெரும்பாலான பருத்திச் சேலைகளோடு சேரும்.

மூன்றாம் படி: நிறம்

கீழே அணிவதை இரண்டு மூன்று நிறங்களுக்குள் நிறுத்திக்கொண்டால் மேலே அணிவதை விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். கருநீலம், அடர் சாம்பல், காக்கி ஆகியவை இதற்கு உகந்தவை. நிறத்தைத் தேர்வதில் வியர்வையையும் நினைவில் வைக்க வேண்டும்: வெளிர் நீலத்திலும் இடைப்பட்ட சாம்பல் நிறத்திலும் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும், வெள்ளை, கருநீலம், நெருக்கமான அச்சு ஆகியவற்றில் தெரியாது. வெள்ளை அழகுதான் என்றாலும், உப்பு மிகுந்த போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் அது விரைவில் மங்கிவிடும் என்பதால் அங்கே அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: இழையை அறிந்து வாங்குவது

ஆடையின் உட்பக்கத் தையலில் ஒரு சிறு பட்டை தைக்கப்பட்டிருக்கும். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். நூற்றுக்கு நூறு பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா, விஸ்கோஸா என்பதுதான் அந்த உடை நம் வெயிலில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு மட்டுமே ஏற்கும். பாலியெஸ்டர் சட்டை பிசுபிசுவென்று உடம்போடு ஒட்டுவதற்குக் காரணம் இதுவே. இதற்காகப் பாலிகாட்டனை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. சுருக்கம் விழாது, சீக்கிரம் காயும், இஸ்திரிக்கு நேரமில்லாதவர்களுக்கும் மழைக்காலத்துக்கும் அது உதவும். பருத்தி பாதிக்கும் மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

விஸ்கோஸ் அல்லது ரேயான் என்று விற்கப்படும் துணி குர்த்திகளில் மிகுதியாக வருகிறது. கையில் எடுத்தால் வழுவழுவென்று விழும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் நனைந்த நிலையில் அந்த இழை வலுவிழந்துவிடுவதால், வாளியிலிருந்து எடுத்து முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் விட்டுக்கொள்ளும். முதல் சலவையில் நீளமும் குறையும். நெடுநாள் உழைக்க வேண்டிய உடைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லினன் இதற்கு நேர்மாறாக, நனைந்தால் இன்னும் உறுதியாகும். கசங்கும் என்பது மட்டுமே குறை. அந்தக் கசங்கலே அதன் அழகு என்று ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் லினனில் பணம் போட வேண்டாம்.

கைத்தறிச் சேலையும் சட்டைத் துணியும் வாங்குபவர்கள் நூலின் நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் என்று உயர உயர நூல் மெலிதாகும், துணி மென்மையாகும், விலையும் ஏறும். மெலிதானதெல்லாம் உறுதியானது என்று பொருளில்லை. பேருந்தில் நெரிசலில் போய் வருபவருக்கு 120-ஆம் நம்பர் சேலையை விட 60-ஆம் நம்பர் கூடுதல் நாள் உழைக்கும். கைத்தறிதானா என்ற ஐயம் தீர, 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

டி-சர்ட்டுக்கு நூல் நம்பரைவிடத் துணியின் கனமே முக்கியம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத் திருப்பூரில் ஜிஎஸ்எம் என்பார்கள். 140-க்குக் கீழே போனால் உள்ளே இருப்பது தெரியும், உருக்குலையும்; 180 நம் வெயிலுக்கும் உழைப்புக்கும் நடுவில் நிற்கிறது; 220-க்கு மேல் மே மாதத்தில் போட முடியாது. குட்டை இழைகளைச் சீவி எடுத்து நூற்ற கோம்ப்டு நூலில் செய்ததென்றால் துணிமேல் பஞ்சு உருண்டைகள் அவ்வளவாகப் பூக்காது. மடித்து வைத்த டி-சர்ட்டை விரித்து, இருபக்கத் தையலும் நேராக இறங்குகின்றனவா என்று பாருங்கள். நூலின் முறுக்கு சரியாக அடங்காத துணியில் இரண்டு சலவைக்குப் பின் பக்கத் தையல் சுழன்று வயிற்றுக்கு வந்துவிடும்; அதற்குப் பிறகு எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது.

பட்டையும் இல்லை, கடைக்காரர் சொல்வதும் நம்பும்படி இல்லை என்றால், உள்மடிப்பிலிருந்து ஓரிரு இழைகளை உருவி, வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாடை அடிக்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். விஸ்கோஸும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் அவ்விரண்டையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது.

ஐந்தாம் படி: கடையிலேயே தையலைச் சோதிப்பது

முதலில் உடையைக் கடையின் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கின் கீழ் கறுப்பாகத் தெரிந்தது வாசலில் கரும்பச்சையாகும். பிறகு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்கு 12 தையலுக்குக் குறையாமல் இருக்கும். எட்டே இருந்தால் விரலை விட்டு லேசாக இழுத்தாலே இடைவெளி தெரியும். பக்கத் தையலின் துணியோரம் இரட்டையாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தால் அது நெடுநாள் வரும். வெறும் ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால் நூல் ஒரு இடத்தில் அறுந்ததும் பிரிந்துகொண்டே போகும். கட்டம் போட்ட சட்டையில் பட்டன் பட்டியின் இருபுறமும், சட்டைப்பையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்த வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவைச் செய்தவர் மற்ற இடங்களிலும் கவனமாகத் தைத்திருக்க வாய்ப்புண்டு.

காஜாவின் உட்பக்கத்தில் நூல் சிலும்பிக்கொண்டிருக்கக் கூடாது. காலரை இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே வைத்த கேன்வாஸ் துணியோடு ஒன்றாமல் வழுக்கினால், சில சலவைகளில் காலரில் கொப்புளம் போல் எழும்பிவிடும். பேண்ட்டில் பார்க்க வேண்டியது தொடையிடுக்கு. இருசக்கர வண்டி ஓட்டுபவர்களின் பேண்ட் முழங்காலில் கிழிவதில்லை, அங்கேதான் நைகிறது. போட்டுப் பார்க்கும்போது நின்றுகொண்டே கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியடையாமல், உட்கார்ந்து, கையை மேலே தூக்கி, குனிந்து பாருங்கள்.

இணையத்தில் வாங்குவதென்றால், உங்களுக்கு மிகப் பொருத்தமான சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அகலம், தோள் அகலம், நீளம் ஆகிய மூன்றையும் அங்குலத்தில் குறித்து வைத்துக்கொண்டு அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எம், எல் என்ற எழுத்துகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வோர் அளவு.

ஆறாம் படி: விலையை எடைபோடுவது

700 ரூபாய்ச் சட்டையின் காலர் 30 முறை உடுத்துவதற்குள் நைந்துவிட்டால், ஒரு முறைக்கு 23 ரூபாய் செலவாகிறது. 1,600 ரூபாய்ச் சட்டை 100 முறை வந்தால் 16 ரூபாய்தான். ஆனால் விலை ஏற ஏறத் தரமும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பது தவறு. ஓர் எல்லைக்கு மேல் நாம் கொடுப்பது பெயருக்கும் விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும்தான். வரியிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. அடிப்படை விலை 2,500 ரூபாயானால் வரியோடு 2,625 ரூபாய். 2,600 ரூபாயானால் வரியோடு 3,068 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக 443 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் உடையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆடித் தள்ளுபடியைத் தவிர்க்கச் சொல்வது தமிழ்நாட்டில் யாரும் கேட்காத அறிவுரை. ஆடியில் திருமணங்கள் இல்லாததால் வியாபாரம் மந்தமாகும், கடைகளும் தீபாவளிச் சரக்குக்கு இடம் செய்தாக வேண்டும், அதனால்தான் தள்ளுபடி. வெள்ளை வேட்டி, உள்பாவாடை, பனியன், துண்டு, படுக்கை விரிப்பு என்று எப்படியும் வாங்கியாக வேண்டியவற்றை அப்போது வாங்குங்கள். வண்ணச் சட்டைகளும் குர்த்திகளும் அந்தக் குவியலில் கிடந்தால், சென்ற ஆண்டு யாருக்கும் பிடிக்காமல் தேங்கியவை என்றே எடுத்துக்கொள்ளலாம். 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியை ஒட்டி வழங்கும் 30 விழுக்காடு தள்ளுபடி இதிலிருந்து வேறுபட்டது, தேங்கிய சரக்குக்கு மட்டுமானதும் அன்று. கைத்தறிச் சேலை தேவைப்படுபவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

ஏழாம் படி: தையற்காரரைப் பயன்படுத்துவது

பல நாடுகளில் துணி எடுத்துத் தைத்து அணிவது செல்வர்களின் வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் தெருவுக்கொரு தையற்கடை இன்னும் இருக்கிறது. குறைவாக வாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டரும் பேண்ட்டுக்கு 1.20 முதல் 1.30 மீட்டரும் போதும்; பருமனானவர்கள் தையற்காரரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பருத்தித் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். ரவிக்கையின் லைனிங் துணியையும் இப்படி நனைத்தே தீர வேண்டும். மேல்துணி அப்படியே இருக்க உள்ளே லைனிங் மட்டும் சுருங்கி, முதுகில் சுருக்கங்கள் விழுந்த ரவிக்கைகள் எல்லா வீட்டு பீரோவிலும் ஒன்றாவது கிடக்கும். இருபக்கமும் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால் பின்னாளில் பிரித்து விடலாம்.

புது இடத்தில் ஒரே நேரத்தில் நான்கு துணிகளைக் கொடுக்காமல், ஒன்றைத் தைத்து, துவைத்து, ஒரு வாரம் உடுத்திப் பார்த்த பின் மற்றதைக் கொடுங்கள். பழுதுவேலைக்கும் அவரிடமே போகலாம். மடியும் இடத்தில் நைந்த காலரைப் பிரித்து, கிழிந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைப்பது பழைய தையற்காரர்களுக்குத் தெரிந்த வேலை. சட்டையின் மற்ற பகுதி நன்றாக இருந்தால் அது இன்னும் ஓராண்டு ஓடும்.

எட்டாம் படி: விசேஷ உடைகள்

பட்டுச் சேலைகளில் முடங்கும் பணம்தான் ஒரு குடும்பத்தின் துணிச் செலவில் பெரும்பகுதி. உறவுக்காரத் திருமணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுச் சேலை என்ற வழக்கத்தைக் கைவிட்டு, நிறத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நான்கைந்து நல்ல சேலைகளை வைத்துக்கொள்ளலாம். ரவிக்கையையும் நகையையும் மாற்றினாலே தோற்றம் மாறிவிடும். வாங்கும்போது, 2004 முதல் நடைமுறையில் உள்ள சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டை பட்டு தூய்மையானது என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பதற்கு அது பொறுப்பில்லை. அசல் ஜரிகையின் நடுவில் சிவப்புப் பட்டிழை இருக்கும், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். போலி ஜரிகையைச் சுரண்டினால் சிவப்பு தெரியாது. விலை உயர்ந்த சேலைக்குப் பில்லில் ஜரிகையின் தன்மையை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

ஒன்பதாம் படி: வாங்கியதைக் காப்பது

வண்ணத் துணிகளை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காயவைப்பதே சாயத்தைக் காக்கப் போதுமானது. ஜீன்ஸை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை, காற்றாட மாட்டினால் போதும். வியர்த்த சட்டையை மட்டும் அன்றே அலசிவிட வேண்டும், உப்பு காய்ந்து இறுகினால் அக்குள் துணி மட்கும். டி-சர்ட்டைக் கொடியில் தோள்பட்டையால் தொங்கவிடாமல் நடுவில் மடித்துப் போடுங்கள்.

கஞ்சி போட்ட சேலையை நெடுநாள் அடுக்கி வைக்கக் கூடாது, கஞ்சிக்குப் பூச்சி வரும். பருவம் முடிந்ததும் அலசி, கஞ்சியில்லாமல் மடித்து வையுங்கள். பட்டுச் சேலையைப் பழைய மல் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது. கனமான பட்டுச் சேலையை ஹேங்கரில் மாட்டினால் தன் எடையாலேயே இழுபடும்.

பத்தாம் படி: வெளியேற்றுவதும் ஈடுசெய்வதும்

நைந்த பருத்தி வேட்டிக்கும் சேலைக்கும் வீட்டிலேயே வேலை இருக்கிறது: குழந்தைக்கு விரிப்பு, மாவு சலிக்கத் துணி, வடாம் காயப்போடத் துணி. பிறர் உடுத்தக்கூடிய நிலையில் உள்ளதைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி செய்து கொடுங்கள். கிழிந்ததைத் தானம் என்ற பெயரில் தள்ளிவிடக் கூடாது. அசல் ஜரிகைப் பட்டு கிழிந்திருந்தாலும் அதில் உள்ள வெள்ளிக்காக வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் முதல் விலையை ஏற்காமல் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு விற்க வேண்டும்.

புதிதாக வாங்குவதற்கு, பீரோக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, எந்த உருப்படி நையத் தொடங்குகிறதோ அதை மட்டும் எழுதி வாருங்கள். "சாம்பல் பேண்ட், இடுப்பு 34, கீழ்மடிப்பு நைந்தது" என்ற அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். எழுதியதும் வாங்க ஓட வேண்டாம். ஆடிக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை அந்தத் தாளோடு கடைக்குப் போனால் ஆண்டுக்குத் தேவையானது முடிந்துவிடும். இடையில் ஏதேனும் கண்ணில் பட்டு மனம் இழுத்தால் அதையும் அந்தத் தாளில் எழுதித் தேதி போடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அது வேண்டும் என்று தோன்றினால், எந்தப் பழைய உருப்படிக்கு மாற்றாக அது வருகிறது என்பதைப் பக்கத்தில் குறித்துவிட்டு வாங்குங்கள்.